கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்குகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். நான் கல்வி உளவியல் படித்தவள். கணக்கைக் கண்டு ஓடுகிற பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் என் வேலை. கணக்குப் பயத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டுப்பாடம் போட்டுத் தரமாட்டேன். எந்தப் படிப்பில் சேரலாம் என்றும் சொல்லமாட்டேன். கேட்பதற்கு முன்னால் ஏற்கெனவே சொன்ன பதில்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கல்லூரி மாணவர்: வீட்டில் உட்கார்ந்து போட்டால் எல்லாம் வருகிறது மேடம். பரீட்சை ஹாலில் வினாத்தாளைப் பார்த்ததும் தலை காலியாகிவிடுகிறது. படித்ததெல்லாம் எங்கே போகிறது?

பதில்: எங்கேயும் போகவில்லை தம்பி, உள்ளேதான் இருக்கிறது. அதை எடுத்து வைத்து வேலை பார்க்கிற இடத்தில்தான் நெரிசல்.

46-ஐயும் 28-ஐயும் மனசுக்குள் கூட்டிப் பாருங்கள். 6-ம் 8-ம் 14. அதில் 4-ஐ ஒரு பக்கம் ஒதுக்கிவைக்க வேண்டும், மீதி 1-ஐ மறக்கக் கூடாது. 4-ம் 2-ம் 6, அதோடு அந்த 1-ஐச் சேர்த்தால் 7. அப்புறம் முதலில் ஒதுக்கிய 4-ஐத் தேடிப் பிடித்து 74 என்று சொல்ல வேண்டும். இவ்வளவையும் அந்தச் சில நொடிக்குத் தாங்கிப் பிடிக்கிற திறனுக்குச் செயல் நினைவு என்று பெயர். அதில் இடம் குறைவு. கெட்டிக்காரருக்கும் குறைவுதான். அந்த நேரம் பார்த்து "பக்கத்தில் இருப்பவன் அடுத்த பக்கம் திருப்பிவிட்டான்", "இதுவும் போச்சா", "வீட்டில் என்ன சொல்வது" என்று உள்ளே குரல்கள் ஓடினால், அவையும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். மீதி 1 நழுவிவிடும். 64 என்று எழுதிவிட்டு வருவீர்கள். ஹாலைவிட்டு வெளியே வந்ததும் யாரும் கேட்காமலே 74 என்று தோன்றும்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் மார்க் ஆஷ்கிராஃப்டும் எலிசபெத் கிர்க்கும். 2001-ல் வந்த ஆய்வு. சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே மனக்கணக்காகக் கூட்டச் சொன்னார்கள். மீதி வராத எளிய கூட்டலில் பயந்தவர்களுக்கும் பயப்படாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீதி வருகிற கூட்டலும் நினைவில் வைக்க நிறைய எழுத்துகளும் சேர்ந்தபோதுதான் பயந்தவர்கள் சறுக்கினார்கள். கணக்குத் தெரியாமல் சறுக்கவில்லை, இடம் போதாமல் சறுக்கினார்கள்.

ஆகவே தாங்கவேண்டிய சுமையைத் தாளில் இறக்குங்கள். மனசில் போட முடிகிற கணக்கையும் பரீட்சையில் ஓரத்தில் எழுதிப் போடுங்கள். சூத்திரம் மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தால், வினாத்தாளை வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முதல் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நிச்சயமாக வரும் என்று தெரிந்ததைப் போட்டு முடித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பெய்லாக்கும் 2011-ல் செய்து பார்த்தது: தேர்வுக்கு முன் பத்து நிமிடம், என்னென்ன பயம் இருக்கிறது என்று ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதுவது. அதிகம் பதறுகிறவர்களுக்கு அது கைகொடுத்தது. எல்லோருக்கும் ஒரே அளவு பலன் தரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒரு தாளும் பத்து நிமிடமும்தானே, பரீட்சை வாரத்துக்கு முன்பே ஒரு மாதிரித் தேர்வில் முயன்று பாருங்கள்.

நாலாம் வகுப்பு மகளின் அம்மா: கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். உட்காரவைத்துவிட்டால் போடுகிறாள், வலியும் போய்விடுகிறது. நடிக்கிறாளா அக்கா?

பதில்: இல்லைம்மா. உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. 2012-ல் இயன் லயன்ஸும் பெய்லாக்கும், கணக்குக்குப் பயப்படுகிற பெரியவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அடுத்து வரப்போவது கணக்கு என்று ஒரு அடையாளம் காட்டப்படும், சற்றுக் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் கணக்கு வரும். அந்தக் காத்திருக்கிற நேரத்தில், உடம்பு வலியை உணரும்போது வேலை செய்கிற இன்சுலா போன்ற பகுதிகள் விழித்துக்கொண்டன. கணக்குப் போடும்போது அப்படி ஆகவில்லை.

ஆக, உங்கள் மகளுக்குக் கஷ்டம் கணக்கில் இல்லை, கணக்கு வரப்போகிறதே என்பதில் இருக்கிறது. "சாயங்காலம் கணக்கு இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று மூன்று தடவை நினைவூட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நோட்டைத் திறந்ததும் ஒரு நிமிடத்துக்குள் அவள் பென்சில் ஓட வேண்டும். அதற்கு, கட்டாயம் வரும் என்று தெரிந்த ஒரு கணக்கை முதலில் வையுங்கள். கணக்கு இல்லாத நாளிலும் வயிறு வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா வலியையும் என் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒருவர்: கணக்கு மூளை என்று தனியாக உண்டா?

பதில்: கிடையாது. பயம் ஒருவருக்கு ஒருவர் வேறுபடுவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2014-ல் வந்த இரட்டையர் ஆய்வு ஒன்று அதைச் சுமார் 40 சதவீதம் என்று மதிப்பிட்டது. மிச்சத்துக்கு நாம்தான் பொறுப்பு.

ஒரு தாய்: எனக்கு ஒரு சந்தேகம். என் மகனுக்கு இருப்பது பயமா, டிஸ்கால்குலியா என்கிற கணக்குக் கற்றல் குறைபாடா?

பதில்: நேரில் சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். எதைக் கவனிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். பயம் இடத்துக்கு இடம் மாறும். தனியாக இருக்கும்போது கணக்கு வரும், பத்துப் பேர் முன்னால் வராது. டிஸ்கால்குலியா அப்படி ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறாது. எண் என்றால் எவ்வளவு என்கிற உணர்விலேயே தடுமாற்றம் இருக்கும். 8 பெரிதா 6 பெரிதா என்று சொல்லவே யோசிப்பது, மற்ற பிள்ளைகள் விட்டு வெகுநாள் ஆனபிறகும் சின்னக் கூட்டலுக்கும் விரல்விட்டு எண்ணுவது, எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் புதிதாகத் தொடங்குவது போன்றவை. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

ஆனால் பயந்த பிள்ளையெல்லாம் கணக்கு வராத பிள்ளை என்று முடிவுகட்டாதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவினர் 1,700-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்குப் பயம் மிக அதிகமாக இருந்த பிள்ளைகளில் 77 சதவீதம் பேர் கணக்கில் சராசரியாகவோ அதற்கு மேலாகவோதான் இருந்தார்கள். ஆசிரியர் கண்ணில் இவர்கள் படவே மாட்டார்கள், மதிப்பெண் வந்துகொண்டிருக்கும் அல்லவா? கணக்கைக் கட்டாயமில்லாத பாடமாக ஆக்கும் நாளில் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போவார்கள். சந்தேகம் தொடர்ந்தால் கற்றல் குறைபாடுகளைச் சோதிக்கத் தெரிந்த உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள்.

ஒரு அப்பா: நானும் கணக்கில் வீக்தான். மகன் அழும்போது "விடுடா, அப்பாவுக்கும் கணக்கு வராது" என்று சொல்லித் தேற்றுவேன். தப்பில்லையே?

பதில்: தப்பு. உங்கள் மனசு நல்லது, வாக்கியம் மோசம். "அப்பாவுக்கும் வராது" என்பதை அவன் "நமக்கு வராது, நம் குடும்பத்துக்கே வராது" என்று கேட்டுக்கொள்கிறான்.

2015-ல் எரின் மலோனியும் பெய்லாக் குழுவினரும் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு வருடம் கவனித்தார்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் அந்த வருடம் கணக்கு குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. ஆனால் எப்போது? அந்தப் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது மட்டும். அதிகம் உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. ஆகவே பயம் ரத்தத்தில் மட்டும் இறங்கவில்லை, வீட்டுப்பாட மேசையில்தான் கைமாறுகிறது.

அதற்காக உதவியையே விட்டுவிட வேண்டாம், வகையை மாற்றுங்கள். "இது எனக்கும் உடனே தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லலாம். விடை சொல்லவேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை. "எங்கே மாட்டிக்கொண்டாய்? அதற்கு முந்தின வரியை எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். பொறுமை போகிறது என்று தெரிந்தால், குரல் ஏறுவதற்கு முன்னால் எழுந்து போய்விடுங்கள்.

ஒரு மாணவி: எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: இல்லை. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வின்போது 2012-ல் 15 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். வளர்ந்த நாடுகளில் 59 சதவீதம் பேர், கணக்கு வகுப்பு கஷ்டமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாகச் சொன்னார்கள். உன் வகுப்பில் பாதிப் பேர் முகத்தை மட்டும் நன்றாக வைத்திருக்கிறார்கள்.

ஒருவர்: 3x² − 7x + 2 = 0 இதைத் தீர்ப்பது எப்படி? நாளை காலை கொடுக்க வேண்டும்.

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

கணக்கு ஆசிரியர்: மேடம், 20 வருடத்துக்கு மேல் கணக்கு எடுக்கிறேன். நேரம் வைக்காதே, வாய்ப்பாடு கேட்காதே, பிள்ளை பயப்படும் என்று ஆளாளுக்கு எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். காலையில் வரிசையாக எழுப்பி நிற்கவைத்து வாய்ப்பாடு கேட்டால்தான் பிள்ளைகளுக்கு வருகிறது. இது என் அனுபவம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இடையில் இன்னொரு அப்பா: வாய்ப்பாடே தேவையில்லை என்பது என் கட்சி. புரிந்தால் போதாதா? எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

கணக்கு ஆசிரியர்: போனைப் பார்த்துத்தான் பின்னத்தைச் சுருக்குவானோ உங்கள் பையன்?

பதில்: இரண்டு பேரும் சற்று உட்காருங்கள். எனக்குப் பிடித்த சண்டை இது.

முதலில் அப்பாவுக்கு. 56/72-ஐச் சுருக்க வேண்டும். எட்டாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை பார்த்ததும் 7/9 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். தெரியாத பிள்ளை 8, 16, 24 என்று ஏறிக்கொண்டே வரும். 56-க்கு வந்து சேரும்போது எத்தனாவது எட்டு என்பது மறந்திருக்கும், மறுபடி முதலிலிருந்து. 72-ஐயும் முடிக்கும்போது எதற்காக இந்தப் பின்னத்தைச் சுருக்கத் தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். மேலே செயல் நினைவு பற்றிச் சொன்னேனே, அதில் ஏற்கெனவே இடம் இல்லாத பயந்த பிள்ளைக்குத்தான் வாய்ப்பாடு எல்லோரையும்விட அதிகம் தேவை. யோசிக்காமல் வருகிற ஒவ்வொரு விடையும், யோசிக்கவேண்டியதற்கு இடம் விடுகிறது. புரிதலா மனப்பாடமா என்று கட்சி கட்டுவதே வீண். 7-ஐ எட்டுத் தடவை கூட்டினால் 56 என்று புரிய வேண்டும், அப்புறம் கூட்டிப் பார்க்காமலே 56 வர வேண்டும்.

இப்போது ஆசிரியருக்கு. வாய்ப்பாடு வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் சார். வரிசையாக எழுப்புவதில் இல்லை. உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருப்பாள். நீங்கள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்கத் தொடங்கியதும் அவள் 7-ஐ நினைக்கமாட்டாள், தலைகளை எண்ணுவாள். முன்னால் எட்டுப் பேர், ஆகவே எனக்கு 7 × 9 வரும், 63, 63, 63. உதடு அசையும். நடுவில் ஒருவனை நீங்கள் விட்டுவிட்டு அடுத்தவனைக் கேட்பீர்கள். அவளுக்கு 7 × 8 வந்துவிடும். நிற்பாள், பேசமாட்டாள். வகுப்பு திரும்பிப் பார்க்கும். அந்தக் காலைப்பொழுதில் அவள் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பெருக்கல். அதுவும் அவளைக் கேட்காத பெருக்கல்.

அதனால்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கற்றுக்கொள்கிற நேரத்தில் கடிகாரமும் வேண்டாம், வேடிக்கை பார்க்கிற கூட்டமும் வேண்டாம்.

கணக்கு ஆசிரியர்: பரீட்சையில் கடிகாரம் இருக்கிறதே? பழக வேண்டாமா?

பதில்: தாராளமாகப் பழகட்டும், வரிசை முக்கியம். முதலில் சரியாக வர வேண்டும். அப்புறம் தடங்கல் இல்லாமல் வர வேண்டும். கடைசியில்தான் கடிகாரம். அதுவும் பக்கத்து பிள்ளையோடு போட்டியாக வேண்டாம், போன வாரம் தனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதோடு. நீங்கள் முதல் நாளிலேயே கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள். பயந்த பிள்ளை அப்போது என்ன செய்யும் தெரியுமா? தப்பானாலும் பரவாயில்லை, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எதையாவது எழுதிவைத்துவிட்டுப் பேனாவை மூடும். வேகம் வந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள், அவள் தப்பித்து ஓடியிருப்பாள்.

கணக்கு ஆசிரியர்: பயமே இல்லாவிட்டால் எந்தப் பிள்ளை மேடம் படிக்கும்?

பதில்: இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1908-ல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் சுண்டெலிகளுக்கு வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் வேறுபடுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். தப்பான பெட்டிக்குள் போனால் மின் அதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வேறுபாடு கண்டுபிடிக்கக் கடினமானபோது, பலத்த அதிர்ச்சி கெடுத்தது, மிதமானதுதான் உதவியது. எலிக்கும் பிள்ளைக்கும் முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் அதில் இருக்கிறது: எளிய வேலைக்குப் பயம் உந்தலாம், யோசிக்கவேண்டிய வேலையை அதுவே கெடுக்கும். கணக்கில் நீங்கள் எதிர்பார்ப்பது எது?

உங்களுக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் வந்த ஓர் ஆய்வில், கணக்கில் உண்மையாகவே ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டான பதற்றம் இருந்தபோதுதான் நல்ல மதிப்பெண் வந்தது. உங்கள் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் நீங்கள் சொல்கிறபடி முன்னேறுவது நிஜம்தான். ஆர்வம் குறைந்தவர்களுக்கு மட்டும் பதற்றம் கூடக்கூட மதிப்பெண் இறங்கியது. ஒரே வகுப்பில் ஒரே மிரட்டல், ஒருவனை ஏற்றுகிறது, இன்னொருவனை இறக்குகிறது. ஏறினவன் உங்கள் அனுபவத்தில் பதிகிறான்.

வேறொருவர்: சார் சொல்வதுதான் சரி. நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் கணக்குப் படித்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்?

பதில்: நன்றாக இருப்பவர்கள் வந்து சொல்கிறீர்கள். அடி வாங்கிக் கணக்கை விட்டவர்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

கணக்கு ஆசிரியர்: சரி மேடம், வரிசையாக எழுப்பவில்லை. 40 பிள்ளைகளில் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: இது நல்ல கேள்வி. ஆளுக்கொரு சிலேட்டு, அல்லது பழைய தாளின் பின்பக்கம். நீங்கள் 7 × 8 என்று சொல்லுங்கள், எல்லோரும் எழுதட்டும், சைகை கொடுத்ததும் ஒரே நேரத்தில் உங்களை நோக்கித் தூக்கிக் காட்டட்டும். ஒரே பார்வையில் 40 விடையும் உங்களுக்குத் தெரியும். தப்பாக எழுதியவள் உங்களுக்கு மட்டும்தான் தெரிவாள், வகுப்புக்குத் தெரியமாட்டாள். வரிசையாகக் கேட்டால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் யோசிக்கும், இதில் நாற்பதும் யோசிக்கும். யார் பெயரையும் அந்த இடத்தில் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் செய்துவிட்டு வந்து என்னோடு மறுபடி சண்டை போடுங்கள்.

ஒரு மாணவரின் அண்ணன்: என் தம்பிக்கு வீட்டில் எல்லாக் கணக்கும் வருகிறது, தேர்வில் மட்டும் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் கேள்வி.

இன்னொருவர்: பரீட்சை ஹாலுக்குப் போனதும் ஃபார்முலா எல்லாம் மறந்துவிடுகிறது மேடம், ஏதாவது வழி?

பதில்: முதல் கேள்வி. அதன் கடைசிப் பத்தி.

ஒருவர்: பெண் பிள்ளைகளுக்குத்தான் கணக்குப் பயம் அதிகமாமே, இயற்கையிலேயே அப்படியா?

பதில்: கேட்கும் விதத்தைப் பொறுத்து விடை மாறுகிறது. "உனக்குக் கணக்குப் பயம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் பெண் பிள்ளைகள் அதிகமாகச் சொல்கிறார்கள். ஆனால் தாமஸ் கோயட்ஸும் உடன் இருந்தவர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்கு வகுப்பு நடக்கும்போதும் தேர்வு எழுதும்போதும் அந்தந்த நேரத்திலேயே கேட்டார்கள். அப்போது ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பதற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. உட்கார்ந்து போடும்போது இல்லாத பயம், தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் வருகிறது. "பெண்ணுக்குக் கணக்கு வராது" என்று கேட்டு வளர்ந்தவள் வேறென்ன சொல்வாள்?

பெய்லாக் குழுவினர் 2010-ல் கண்டதும் இதோடு சேர்ந்தது. முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியைக்குக் கணக்குப் பயம் இருந்தால், வருடக் கடைசியில் அவர் வகுப்புப் பெண் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் குறைந்திருந்தது, ஆண் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஆண்கள்தான் கணக்கில் கெட்டி என்று நம்பத் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பாதிப்பு. ஆகவே மறுபடியும் சொல்கிறேன், "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள். அம்மாக்களே, டீச்சர்களே, உங்களுக்கு இரண்டு மடங்கு சொல்கிறேன்.

ஒருவர்: பதற்றம் குறைய என்ன மாத்திரை எடுக்கலாம்?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு தாய்: டியூஷன் வைத்தால் பயம் போகுமா? இல்லை, கூடுமா?

பதில்: எப்படிப்பட்ட டியூஷன் என்பதைப் பொறுத்தது. வினோத் மேனனின் ஆய்வகத்தில் 2015-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம், ஒருவருக்கு ஒருவர் என்று உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பயம் அதிகமாக இருந்த பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது. மூளையில் முதலில் கணக்கைப் பார்த்ததும் துள்ளிய அமிக்டலா என்கிற பகுதியும் அமைதியாகியிருந்தது. பயந்ததைத் திரும்பத் திரும்ப, பத்திரமான இடத்தில் சந்தித்தால் பயம் தேயும். முப்பது பேரை அடைத்து வாரம் மூன்று தேர்வு வைக்கிற இடத்துக்கு இது பொருந்தாது. அங்கே அனுப்புவது எரிகிற நெருப்பில் எண்ணெய். கணக்கையே பார்க்காமல் கொஞ்ச நாள் விட்டுவிடலாம் என்பதும் வேண்டாம். விலகி இருக்கிற நாளில் பாடம் முன்னே போய்விடும், திரும்பி வரும்போது நிஜமாகவே தெரியாமல் போயிருக்கும், பயத்துக்கு இப்போது காரணமும் கிடைத்துவிடும். பயத்தால் வருகிற நஷ்டத்துக்கு இந்த விலகலும் ஒரு காரணம்.

ஒரு அப்பா: வேகமாகப் போட வேண்டும் என்று வீட்டில் டைமர் வைத்துப் பழக்குகிறேன். மகள் அழுகிறாள். தொடரலாமா?

பதில்: மேலே ஒரு ஆசிரியரோடு இவ்வளவு நேரம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்? எடுத்து உள்ளே வையுங்கள் ஐயா.

ஒருவர்: நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது. அமைதியாகு, அமைதியாகு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இன்னும் அதிகமாகிறது.

பதில்: அமைதியாகு என்று சொல்லி உடம்பை அடக்க முடியாது. படபடப்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு வேறு அர்த்தம் கொடுங்கள். 2010-ல் ஜெரமி ஜேமிசன் குழுவினர், பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் "தேர்வில் வருகிற படபடப்பு கெடுக்காது, உதவக்கூடச் செய்யும்" என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பந்தயத்துக்கு முன் ஓட்டக்காரனுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அவன் அதைத் தயாராகிவிட்டேன் என்று எடுத்துக்கொள்கிறான்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர்: பள்ளியில் பின்னம் வந்த நாளோடு கணக்கை விட்டவன் நான். அதற்குப் பிறகு எல்லாமே தலையாட்டிச் சமாளித்ததுதான். இந்த வயதில் மறுபடி தொடங்க முடியுமா? வெட்கமாக இருக்கிறது டீச்சர்.

பதில்: முடியும். பின்னத்தில் விட்டவர்கள் ஒரு ஊரே இருப்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. அதுவரை பெரிய எண் என்றால் பெரியது, பெருக்கினால் கூடும். பின்னம் வந்ததும் 8 பெரிதாக இருந்தும் 1/8 சின்னதாகிறது, பெருக்கினால் குறைகிறது. அதுவரை நம்பியதெல்லாம் ஒரே வாரத்தில் கவிழ்கிறது, ஏன் என்று யாரும் நின்று சொல்வதில்லை. பகுதியைச் சமமாக்கு, குறுக்கே பெருக்கு என்று விதிகள் மட்டும் வந்து விழுகின்றன. அங்கே பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். எங்கே விட்டீர்களோ அங்கேயே தொடங்கலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், யாரும் பார்க்காத இடத்தில், கடிகாரம் இல்லாமல். விதி எதுவும் போடக் கூடாது, பகுதியைச் சமமாக்கவும் கூடாது. யோசித்துச் சொல்லுங்கள்: 1/2 பெரிதா, 3/7 பெரிதா?

அதே நபர்: 7-ல் பாதி மூன்றரை. 3 அதைவிடக் குறைவு. அப்படியானால் 1/2 தான் பெரிது. சரியா?

பதில்: சரி. இப்போது 5/9-ம் 6/13-ம்.